சிவப்பும் பச்சையும் ஒரே விலை

பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவள் அடுப்புப் பக்கத்தில் எதையும் மறந்து வைக்கமாட்டாள். ஆகவே, சீட்டாட்டச் சில்லுகள் பெட்டியோடு உருகி ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்ததைப் பார்த்ததுமே அவள் தம்பிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அக்கா, வேணும்னே பண்ணினியா?"

"பிளாஸ்டிக்னா உருகத்தான் செய்யும். உங்க ஃபோர்மேன்கிட்ட அப்படியே போய்ச் சொல்லு. புதுசு நானே வாங்கி வைக்கிறேன்னும் சொல்லு."

"காசு?"

"அது என் தலைவலி. உன் தலையை நீ பத்திரமா வச்சுக்க."

தலையைப் பற்றிச் சொன்னது வெறும் பேச்சில்லை. அவள் கணவர் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுபவர். கூரைக்கடியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து, லாரி எடை உள்ள தகடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்துகிறவர். தம்பி அதே கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இவர்கள் இருவரும், ஃபோர்மேனும், மொட்டை என்று பெயர் வாங்கிய வெல்டரும் இந்த வீட்டு முன்னறையில் போக்கர் ஆடுவார்கள். பந்தயம் சில்லறைதான். வாய்தான் பெரிது.

போன கோடையிலிருந்து கிரேன்காரரின் இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் குடியேறியிருந்தது. நேரே பார்த்தால் வட்டம் தெரியும். ஓரமாகப் பார்த்தால் உலகம் தெரியும். முதலில் விடைபெற்றுக்கொண்டது நிறம். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அடுத்த கோடை வரை கூண்டில் ஏறி இறங்கிவிட்டால் ஓய்வுப் பணம் முழுசாக வரும். கண்ணைக் காரணம் காட்டி நடுவில் இறக்கினால் பாதி. அந்தப் பாதியில் வாடகை கொடுத்தால் மருந்தில்லை, மருந்து வாங்கினால் வாடகையில்லை. அவள் எல்லா வழியிலும் கூட்டிப் பார்த்துவிட்டாள். பாதி பாதியாகவேதான் நின்றது.

ஆகவே மறைத்தார்கள். கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளைத் தம்பி எங்கிருந்தோ எழுதிக்கொண்டு வந்தான். பள்ளியில் ஒரு செய்யுள்கூட மனப்பாடம் செய்யாத மனிதர், அதை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பித்துத் தேறினார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் ஃபோர்மேன். பட்டறையில் மற்றவர்கள் கிரேனுக்குக் கை காட்டினார்கள். தம்பி மட்டும் விசிலுக்கு மாறினான். ஒன்று என்றால் தூக்கு, இரண்டு என்றால் நிறுத்து. மொட்டை, "என்னடா, ரெயில் விடுறியா?" என்று கேட்டுச் சிரித்தான்.

சீட்டில் சமாளித்தாயிற்று. பெரிய எழுத்துச் சீட்டுக் கட்டு ஒன்று வாங்கிப் போட்டபோது, வயதாகிறது என்று எல்லாருமே சந்தோஷப்பட்டார்கள். கிரேன்காரர் சீட்டைக் காதோரம் பிடித்துக் கடைக்கண்ணால் படிப்பார். "சீட்டு என்னண்ணே சொல்லுது, காதுல?" என்று மொட்டை கேட்பான். அதுவும் ஒரு வேடிக்கையாகப் போயிற்று. சில்லில்தான் சறுக்கியது. எல்லாம் ஒரே பிளாஸ்டிக், ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு. போன மாதம் பத்து என்று நினைத்து நூறைத் தள்ளிவிட்டு, அதை ஏதோ வீரம் போலக் காட்டிக்கொண்டார். ஃபோர்மேன் அன்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையைச் சமையலறை வாசலிலிருந்து பார்த்தவள்தான் மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

விளையாட்டுச் சாமான் மொத்தக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் அவள் செருப்பைப் பார்த்து விலையை முடிவு செய்தார். அவள் கடைக்காரரின் மேஜைத் தூசியைப் பார்த்து வியாபாரம் எப்படி நடக்கிறது என்று முடிவு செய்தாள். இருவரும் தொழில் தெரிந்தவர்கள்.

"இது பீங்கான். ராஜா வீட்டு ஐட்டம். கையில எடுத்துப் பாருங்க."

"ராஜா வந்தா அனுப்பி வைக்கிறேன். அடுத்தது?"

"இது களிமண் மாதிரி. உள்ள இரும்பு வில்லை வச்சது. கனம் பாருங்க, சத்தம் பாருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். ஓரம், நடு, எடை. பெட்டியிலிருந்து வேறு நிறத்தில் ஒன்றை எடுத்துத் தடவினாள். ஒரே மாதிரிதான் இருந்தது.

"என்னம்மா, சாமி கும்பிடுறீங்களா?"

"விலையைக் கேட்டா கண்ணு தானா மூடிக்குது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த கடைக்காரர் பாதி இறங்கிவிட்ட கடைக்காரர் என்று அவள் அப்பா சொல்வார். ஆனால் சிக்கல் விலையில் மட்டும் இல்லை. பீங்கான் செட் என்றால் எல்லாம் பீங்கான், பிளாஸ்டிக் செட் என்றால் எல்லாம் பிளாஸ்டிக். எவ்வளவு உயர்ந்த சரக்கானாலும் இருட்டில் ஒன்றும் நூறும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது மூன்று சரக்கு, மூன்று கனம்.

"உடைஞ்ச செட்டு, மிச்ச மீதி ஏதாவது கிடக்கா?"

கடைக்காரர் உள்ளே போய் ஒரு கோணியை இழுத்துவந்து கவிழ்த்தார். குழந்தைகள் விளையாட்டிலிருந்து வந்த மரச் சில்லு: லேசாக, சொரசொரப்பாக. சரியானது, ஒன்றுக்கு. இரும்பு வைத்த கறுப்புச் சில்லு: குளிர்ந்து, கனமாக. நூறுக்கு. பத்துக்கு, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய பிளாஸ்டிக் சில்லு. நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரியும். ஆனால் அதில் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன.

"சிவப்பை மட்டும் பொறுக்கித் தாங்க."

"பொறுக்கினா ஒரு விலை, அள்ளினா ஒரு விலை. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். உங்களுக்கு ஆட்டம்தானேம்மா, கண்காட்சியா?"

அவள் பொறுக்கிய விலையைக் கேட்டாள். அள்ளிய விலையைக் கேட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரத்துக் கண்சொட்டு மருந்து இருந்தது. அள்ளிய விலையிலேயே இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்று தலையாட்டி வெளியே நடந்தாள். கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த நடை தெரியும். வேகமாக நடக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு வரவேண்டும். பக்கத்துப் பூட்டுக்கடையைத் தாண்டும்முன் குரல் வந்தது.

"யம்மா! வாங்க, வாங்க. போணி நேரத்துல கோவிச்சுட்டுப் போகாதீங்க."

வீடு வந்து சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நிறம் தெரியாதவருக்கு நிறத்துக்கு ஏன் காசு?

அந்த ஞாயிறு மழை. நால்வரும் வட்டமாக உட்கார்ந்ததும் மொட்டை சில்லுகளைக் கிளறினான்.

"இது என்ன அண்ணி, கடையைக் கூட்டின குப்பையா?"

"மரம் ஒண்ணு, பல்லு வச்சது பத்து, இரும்பு நூறு. புடிக்கலைன்னா நீங்க பீங்கான் வாங்கித் தாங்க."

"எனக்கு எதுக்கு பீங்கான், தலையே பீங்கான் மாதிரிதான் இருக்கு" என்று மொட்டை தடவிக்கொண்டான்.

கிரேன்காரர் அன்று ஆடிய ஆட்டத்தை அவள் பல மாதமாகப் பார்க்கவில்லை. விரல்கள் சில்லுகளுக்குள் போய் வேண்டியதை எடுத்துவந்தன. குனிந்து தேடவில்லை, தயங்கவில்லை. "இருபது. மேல நூறு" என்று சொல்லி முடிப்பதற்குள் சில்லுகள் நடுவில் விழுந்தன. தோள்கூடக் கொஞ்சம் அகன்றது போலிருந்தது. தம்பி அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போயிற்று.

மழை இருட்டு அறைக்குள் முழுசாக வந்து இறங்கியது. மொட்டை தீப்பெட்டி தேடக் கையை வீசினான். நடுவில் கிடந்த குவியல் சரிந்து நாலா பக்கமும் உருண்டது.

"போச்சுடா! யாரு எவ்வளவு போட்டோம்?"

"யாரும் கை வைக்காதீங்க" என்றார் கிரேன்காரர். குரலில் சந்தோஷம் இருந்தது. "நான் பாத்துக்கிறேன்."

அவள் சமையலறையில் மெழுகுவத்திக்குத் துழாவிக்கொண்டிருந்தாள். டக், டக் என்று சில்லு அடுக்கும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று கத்த நினைத்தாள். என்ன சொல்லிக் கத்துவது? விளக்கு திரும்ப வந்தபோது நடுவில் மூன்று தூண்கள் நின்றன: மரம், பல், இரும்பு. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"முந்நூத்து நாப்பத்தாறு" என்றார் அவர்.

மொட்டை எண்ணிப் பார்த்துவிட்டுக் கை தட்டினான். "அண்ணே, உனக்கு ஆந்தை கண்ணு!"

ஃபோர்மேன் கை தட்டவில்லை. சில்லைப் பார்க்கவில்லை. கிரேன்காரரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னிடமிருந்து நிதானமாக இரும்பு ஒன்றை எடுத்து நகர்த்தினார்.

"நூறுக்கு மாத்திக் குடுய்யா. பத்தாவே குடு. அதுல ஒரு அஞ்சு பச்சையா இருக்கட்டும், முதல்ல எடுத்துக் குடு. எனக்குப் பச்சைதான் ராசி."

யாருக்கும் எதுவும் தோன்றாத பேச்சு. மொட்டை அடுத்த கைக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். தம்பியின் கை பாதி வழியில் நின்றது, அவன் இருமினான், விசில் ஊதத் தெரிந்தவனுக்கு இருமலில் நிறம் சொல்லத் தெரியவில்லை. கிரேன்காரர் கொஞ்சமும் தயங்காமல், பல் ஓரத்தை நகத்தால் தொட்டு, ஐந்து சில்லுகளை எடுத்து ஃபோர்மேன் முன்னால் வரிசையாக வைத்தார்.

"இந்தா உன் ராசி."

சமையலறை வாசலில் ஏற்றாத மெழுகுவத்தியோடு அவள் நின்றாள். மேஜை தெளிவாகத் தெரிந்தது.

ஃபோர்மேன் அந்த ஐந்தையும் கையில் எடுத்தார். "சரி" என்றார். மிச்ச ஐந்தையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு கை ஆடினார்கள். நாலிலும் கிரேன்காரர்தான் ஜெயித்தார்.

மொட்டை முதலில் கிளம்பினான், தம்பியோடு, ஒரே குடையில். ஃபோர்மேன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நின்றார். அவள் பின்னால் வந்தாள்.

"எவ்வளவு நாளாச்சு, தங்கச்சி?"

பொய் சொல்ல வாய் எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலையை மாற்றிக்கொண்டாள். "முழுசா போகலண்ணே. ஓரம் தெரியுது."

"ஓரம்." அவர் மழையைப் பார்த்தார். "உன் தம்பி விசில் ஊதுறானே, இப்பதான் விளங்குது. அவனுக்கு விசில் இருக்கு. நாளைக்கு கீழ வேற ஆளு நின்னா? மொட்டைக்கு என்ன இருக்கு? ரெண்டு கையை ஆட்டிக்கிட்டு நிப்பான், மேல இருக்கறவன் பாக்குறான்னு நம்பி."

"அடுத்த கோடை வரைக்கும்ணே. இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே."

"முடியாது."

"வருஷம் முடியட்டும்."

அவர் தலையை அசைத்தார்.

"ஒரு மாசம். ஒரே மாசம். மொட்டையை அந்தப் பக்கம் மாத்திடுங்க, கீழ என் தம்பியே நிக்கட்டும். என் தம்பிதானே, நான் ஏத்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான் எதை விலையாக வைத்தாள் என்று அவளுக்கே காதில் விழுந்தது. ஃபோர்மேன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம்.

"போன தடவை கையெழுத்துப் போட்டேன், தெரியாம போட்டேன். இனி தெரிஞ்சு போடணும். என்னால ஆகாது. நாளைக்கு அவன் மேல ஏற வேணாம். நானே ஆபீஸ்ல பேசிக்கிறேன். எவ்வளவு கேட்டு வாங்க முடியுமோ வாங்கித் தர்றேன்."

"பாதிதான் தருவாங்க."

"பாதிதான் தருவாங்க" என்று அவரும் சொன்னார்.

அவளிடம் இன்னும் ஒரு வித்தைதான் மீதி இருந்தது. "சரிண்ணே. உங்க இஷ்டம்" என்றாள். திரும்பி வீட்டுக்குள் நடந்தாள். வேகமாக இல்லை. திரும்பிப் பார்க்காமல், காதை மட்டும் வாசலில் விட்டுவிட்டு. மழை கேட்டது. குடை விரியும் சத்தம் கேட்டது. பிறகு ஈரத்தில் செருப்புச் சத்தம், தள்ளித் தள்ளி.

முன்னறையில் கிரேன்காரர் சில்லுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தடவி, மரம் ஒரு பையில், இரும்பு ஒரு பையில்.

"என்ன சொல்றான்?"

அவள் எதிரே உட்கார்ந்து, பல் வைத்த சில்லுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கை நின்றது.

"பச்சை கேட்டானே" என்றார். "இதுல ரெண்டு நிறமா?"

"ம்."

"சொல்லலையே நீ."

"உங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அள்ளினா விலை கம்மின்னான்."

அவர் தலையாட்டினார். பாத்திரக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"நான் என்ன குடுத்தேன்?"

"சிவப்பு."

"அஞ்சுமா?"

"ஒண்ணு மட்டும் பச்சை."

அவர் ஒரு சில்லை எடுத்து நகத்தால் ஓரத்தைச் சுற்றினார். முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு காதோரம் கொண்டுபோய், ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"இது?" என்றார்.