ஹாரன் அடித்தேன் என்று எழுதியவன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். விசாரணை அறையில் அதிகாரி அந்த வாக்குமூலத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தது கழுகின் கையெழுத்து. மேலே இருந்த ஒவ்வொரு வரியும் என்னுடையது.

கழுகு எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவன். நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். நான் அங்கேயே ஸ்டோர் குமாஸ்தா. சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தை மூடாதவன். என்னைப் 'புத்தகம்' என்றுதான் கூப்பிடுவான். கேட்காமலே என் டிபன் பாக்ஸில் கையை விடுவான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இத்தனை வருஷத்தில் எனக்கென்று வாய்த்த ஒரே சிநேகிதன்.

போன வாரம் அவன் இறக்கிய இரும்புத் தகடு ஒரு ஹெல்பரின் பாதத்தை நசுக்கிவிட்டது. எச்சரிக்கை கொடுக்காமல் இறக்கினான் என்று முடிவானால் லைசென்ஸ் ரத்து. இந்த ஜென்மத்தில் அவன் கிரேன் ஏற முடியாது.

"நடந்ததை அப்படியே எழுது" என்றுதான் என்னிடம் வந்து சொன்னான். கிரேன் ஹாரன் கெட்டு இரண்டு மாதம். மூன்று தடவை சொல்லியும் மானேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் கழுகு மேலிருந்து தொண்டை கிழியப் பாடுவான். பாட்டு கேட்டால் கீழே இருப்பவர்கள் விலக வேண்டும், நின்றால் வரலாம். அன்றும் பாடினான்.

பாடிக்கொண்டே இறக்கினேன் என்று எழுதினால் குடிகாரன் என்று நினைப்பார்களே! மானேஜரை இழுத்தாலும் வம்பு. என் கை சும்மா இருக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டி, 'விதிப்படி ஹாரன் ஒலித்த பின்னரே சுமையை இறக்கினேன்' என்று அழகாக எழுதி, கடகடவென்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

இப்போது அந்த ஹெல்பர் ஊன்றுகோலோடு எழுந்து நின்றான். "ஹாரன் அடிக்கல சார். பாடினாரு. பாட்டு நல்லாவே கேட்டுச்சு. ஸ்பேனர் விழுந்துருச்சுன்னு நான்தான் குனிஞ்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டா? இதுல அப்படி ஒரு வார்த்தையே இல்லையே."

மானேஜர் முந்திக்கொண்டார். "ஹாரன் நல்லா இருந்துச்சுன்னு இவரே எழுதிக் கொடுத்திருக்காரு சார். அடிக்காம விட்டது இவர் தப்பு."

"யாரு எழுதினது இதை?" என்று அதிகாரி கழுகைக் கேட்டார்.

கழுகு என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொல்லச் சொல்ல எழுதினதுதான் சார்."

என் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறான், படுபாவி. உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தேன்.

"நான்தான் சார் எழுதினேன். அவன் பாட்டைத்தான் சொன்னான். ஹாரன் நானா சேர்த்தது."

"நீங்க இவருக்கு யாரு?"

"சிநேகிதன்."

அதிகாரி பேனாவை மூடினார். "சிநேகிதனைக் காப்பாத்தணும்னா யாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். உட்காருங்க."

பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. லைசென்ஸ் போய்விட்டது.

வெளியே வராந்தாவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் முட்டியது. "உனக்குத் தெரியாம உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன்டா" என்றேன்.

"தெரியாம என்ன? நீதான் வாசிச்சுக் காட்டினியே. ஹாரன்னு வந்தப்பவே எனக்குத் திக்குன்னு இருந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"இவ்வளவு படிச்சவன் எழுதுறான், ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு, கிரேன் சாவியை ஒப்படைக்க ஆபீஸுக்குள் போனான்.