சியாகுல்லிக்கு மேலே பச்சை

வியா மக்வேதா தெருவில், அபிதா வேலை செய்யும் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சிரோக்கோ என்ற அந்தச் சனியன் பிடித்த சூட்டுக்காற்று அடித்தால் தீவு நகரமான பலெர்மோவில் யாரும் யன்னல் திறப்பதில்லை. அபிதா துணிகளுக்கு அயர்ன் பண்ணிக்கொண்டே போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சியாகுல்லி மலையில் காட்டுத்தீ. மலையடி மாண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் அவளுடைய கணவன் பிரதீஸ்.

"இறங்கி வாங்கோவன்."

"இராயப்பு அண்ணையை விட்டிட்டு எப்பிடியடி வாறது? அவர் தன்ரை பெர்மெஸ்ஸோவை மேல் கொட்டிலிலை வைச்சிட்டாராம். எடுக்கப் போறன் எண்டு துடிக்கிறார். நான்தான் கையைப் பிடிச்சு மறிச்சுக்கொண்டு நிக்கிறன்."

இராயப்பு பிரதீஸோடு வேலை செய்பவர். அந்த வதிவிட அட்டைக்காகக் குவெஸ்தூரா வாசலில் தவம் கிடந்த மனிதர். தீயைவிட அந்தப் பொலிஸ் கந்தோருக்குத்தான் அவருக்குப் பயம் கூட.

அழைப்பை முடித்துவிட்டு அபிதா போனில் மழை ரேடார் செயலியைத் திறந்தாள். சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளை மாடியில் காயப்போடுவதே அதைப் பார்த்துத்தான். பச்சை என்றால் மழை, மஞ்சள் என்றால் பெருமழை. ஒருநாளும் அது அவளை ஏமாற்றியதில்லை. இன்று தீவு முழுக்க வெறுமையாகக் கிடந்தது. சியாகுல்லிக்கு மேலே மட்டும் ஒரு பச்சைத் திட்டு.

முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். உடனே திரும்ப அழைத்தாள்.

"மழை வந்திட்டுது! உங்கடை தலைக்கு மேலைதான் நிக்குது. ரேடாரிலை பாத்தனான். இனிப் பயமில்லை!"

"அண்ணை, மழையாம்!" என்று அவன் கத்துவது கேட்டது. அழைப்பு அறுந்தது.

அவள் பாட்டொன்றை முணுமுணுத்தபடி இரண்டு சட்டைகளை மடித்திருப்பாள். அதற்குள் பிரதீஸ் திரும்ப அழைத்தான். இருமல்.

"எங்கையடி மழை? சாம்பலெல்லோ கொட்டுது."

ரேடாரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? அது அலையை அனுப்பும். வானத்தில் எதிலாவது பட்டுத் திரும்பினால் நிறம் தீட்டும். கூடத் திரும்பினால் நிறத்தை ஏற்றும். மழைத்துளியா, எரிந்து பறக்கிற இலையா என்று அதற்கென்ன கவலை? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரேடார் கண்ணுக்கு எதிர்ப்பட்டதெல்லாம் மழை.

அபிதா மடித்த சட்டையைக் கீழே போட்டாள்.

"இராயப்பு அண்ணை எங்கை?"

அவன் மறுபடியும் இருமினான்.

"கதையுங்கோவன்!"

"மழையெண்டோடனை கையை உதறிப்போட்டு மேல் கொட்டிலுக்கு ஓடிட்டார். நானும் விட்டிட்டன், அபிதா. மழைதானே எண்டு விட்டிட்டன்."

பிறகு அவன் அவளோடு பேசவில்லை. "அண்ணை! இராயப்பு அண்ணை!" என்று மலையைப் பார்த்துக் கத்தினான். என் வாய்க்கு ஒரு பூட்டு இல்லாமல் போச்சே என்று அபிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த சிஞ்ஞோரா மேசையில் ரேடார் தெரியக் கிடந்த போனைக் குனிந்து பார்த்தாள். பச்சைத் திட்டின் நடுப்பகுதி மஞ்சளாகியிருந்தது.

"நல்ல மழை," என்று சிஞ்ஞோரா சிலுவைக்குறி போட்டாள். "எங்கள் நகரத்தைக் காக்கும் சாந்தா ரொசாலியா கைவிடவில்லை."

போனுக்குள் பிரதீஸ் இன்னமும் இராயப்புவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.