பதினான்காம் பக்கமும் இரண்டு பெயின்ட் பக்கெட்டும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. 'மயிலைட் மெட்டல்ஸ்' பொன்விழா மலருக்கு நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி ஜொவிட்டா கேட்டார். நிறுவனர் இக்னேஷியஸின் மகள். இப்போது எல்லாவற்றையும் நடத்துபவர் அவர்தான். "இருபது பக்கம் சார். யார் மனசும் புண்படாம எழுதிடுங்க" என்றார். யார் மனமும் புண்படாத வரலாற்றை நான் பஞ்சாங்கத்தில்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் சரி என்றேன். பதின்மூன்று பக்கம் ஓடியது, பதினான்கில் வண்டி நின்றுவிட்டது. நீங்கள் படிப்பது அந்தப் பதினான்காம் பக்கத்தின் புலம்பல்.

2.

தொடக்கம், முதல் வரைவு: "சாந்தோம் கடற்காற்றில் துருவேறிக் கிடந்த தன் சைக்கிளைக் கண்ட இளம் வேதியியல் ஆசிரியர் இக்னேஷியஸ், அன்றே ஒரு சபதம்—"

(அடித்துவிட்டேன். அவர் சைக்கிளே வைத்திருந்ததில்லையாம்.)

இரண்டாம் வரைவு: "துருப்பிடிக்காத உலோகம் வேண்டி மண்டியிட்ட அந்த—"

(இதையும். "மண்டி போட்டது கீல் கழட்டறதுக்கு" என்றார் இக்னேஷியஸ்.)

நடந்தது இவ்வளவுதான். கடலோர வீடுகளில் கதவுக் கீல் இரண்டு வருடம் தாங்காது. ஒருநாள் வாசல் கதவு கழன்று இக்னேஷியஸின் காலில் விழுந்தது. கட்டு பிரிப்பதற்குள், செம்பையும் துத்தநாகத்தையும் இன்னும் எதையெதையோ சேர்த்து உருக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடத்தில் துருப்பிடிக்காத கலவை கிடைத்தது. ஆனால் வார்த்தால் விரிசல் விட்டது. விரிசல் விடாமல் செய்தவர் அதே பள்ளியின் ஆய்வக உதவியாளர், மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன். அவர் சேர்த்தது ஏதோ ஒரு சிட்டிகைப் பொடி. அது என்ன என்று இக்னேஷியஸிடம் சொல்லவில்லை. கலவையில் தான் போடும் பொடி என்ன என்று இக்னேஷியஸும் அவரிடம் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி ரகசியம் என்று கூட்டாளி ஆனார்கள்.

(பெயர் வைப்பதற்கே ஆறு மாதம் ஆனதாம். ஒருவர் 'சாந்தோமியம்' என்றார், மற்றவர் தன் தெருக்கோவில் பெருமாள் பேரில் 'கேசவியம்' என்றார். 'மயிலைட்' சமாதான உடன்படிக்கை.)

3.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வட்டாரப் பத்திரிகை இருவரின் படத்தையும் போட்டது. கீழே, "கண்டுபிடிப்பாளரும் அவரது உதவியாளரும்". எவர் யார் என்று போடவில்லை. பத்திரிகையை இவர்கள் கேட்கவும் இல்லை. 'உதவியாளர்' என்று போட்டது தன்னைத்தான் என்று தனித்தனியே முடிவுசெய்து, அப்படிச் சொல்லிக்கொடுத்தது மற்றவர்தான் என்று தனித்தனியே கோபித்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சுதான் நின்றது. ஒன்பதரைக்குச் சைதாப்பேட்டைப் பட்டறைக்கு இக்னேஷியஸ் வருவார், சர்ச் நோட்டீசில் மடித்த பொட்டலத்தோடு. திரைக்குப் பின்னால் போய்த் தன் கிண்ணத்தில் கொட்டுவார். பத்து மணிக்கு ரங்கன், தினசரிக் காலண்டர் தாளில் மடித்த பொட்டலத்தோடு. பிறகு மாலை வரை முதுகுக்கு முதுகு இரண்டு நாற்காலி. நடுவில் உலைக்காரர் ஷரஃபுதீன் தூது.

"ஷரஃபுதீன், ஃபேனைக் குறைச்சுக்கச் சொல்லு. அவனுக்குச் சளி பிடிச்சுண்டுடும்" என்பார் ரங்கன்.

"எனக்கு ஒண்ணும் பிடிக்காதுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது சார். நடுவுல நான் இன்னாத்துக்கு கீறேன்னே தெர்ல" என்று ஷரஃபுதீன் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ரங்கனின் மனைவி காலமாகிவிட்டார். நியூஜெர்சியில் இருக்கும் மகன் ஸ்ரீநாத், கூடவே வந்துவிடச் சொல்லி வருடாவருடம் கூப்பிடுகிறான். "ஆத்துல தனியா இருக்கேன்னு அவனுக்குக் கவலை. நான் போயிட்டா இங்க உலை எரியுமோ?" என்று ரங்கன் என்னிடம் கேட்டார். எரியாது என்று அப்போது நானும் நம்பினேன்.

4.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஷரஃபுதீன் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், மூடிபோட்ட இரண்டு பெயின்ட் பக்கெட்டைக் காட்டினார்.

"ஒம்போது வருசமா ரெண்டு பொட்டலத்தையும் உலைல போடறதில்ல சார். பெருசுங்க கை ஆடுது. ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மி. கீலு உடைஞ்சி உடைஞ்சி திரும்பி வந்துகினு இருந்துச்சி. மேடம் ஒரு மிசினு வாங்கிச்சி. பழைய நல்ல கீலு துண்டு வெச்சா, உள்ள இன்னா இன்னா எவ்ளோ கீதுன்னு ஒரு நிமிசத்துல சொல்லிடும். அது சொல்றதத்தான் நாங்க போடறோம். இது வாத்தியாருது, அது ரங்கன் சாருது. வாத்தியாரு பக்கெட்டுல எறும்பு வேற."

(எறும்பை நான் இங்கேயே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.)

ஆக, பட்டறைக்கே தெரிந்த ரகசியம் மயிலைட்டைக் கண்டுபிடித்த இருவருக்கு மட்டும் தெரியாது. பெரியவர்களுக்குப் பிறகு மயிலைட் கிடைக்குமா என்று வாடிக்கையாளர்கள் கடிதம் மேல் கடிதம் போடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம்தான் பதினான்காம் பக்கம். என்ன எழுத என்று ஜொவிட்டாவைக் கேட்டேன்.

"நீங்களே முடிவு பண்ணுங்க சார். என்னால ஒம்பது வருஷமா முடியல."

5.

முடிவு அ: உண்மையை எழுதுகிறேன். விழா மேடையில் ரங்கன் அதைப் படிக்கிறார். அடுத்த வாரம் விமானம் ஏறுகிறார். முதுகு காட்ட ஆளில்லாமல் இக்னேஷியஸ் உட்கார்ந்திருக்கிறார்.

முடிவு ஆ: இருவரின் பொடி இல்லாமல் உலை எரியாது என்று பொய் எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் பட்டறையில் முப்பது குடும்பம் பிழைக்கிறது. வாடிக்கையாளர் போய்விட்டால்?

முடிவு இ: ஒரு மழைநாளில் ரங்கன் திடீரென்று—

(வேண்டாம். எனக்கு மனம் வரவில்லை.)

பேசாமல் இக்னேஷியஸிடமே, உண்மையை எழுதிய வரைவைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"கெமிஸ்ட்ரி வாத்தியார்கிட்டயேவா? மிஷின் வந்ததும் சந்தேகம். ஒருநாள் பொடிக்குப் பதிலா சர்க்கரை போட்டுப் பாத்தேன். கீல் ஜம்முனு வந்துச்சு. அன்னியிலேர்ந்து சர்க்கரைதான். டாக்டர் என்னைச் சர்க்கரை தொடக்கூடாதுன்னுட்டார், எறும்பாவது சாப்பிடட்டும்."

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ரங்கன் போயிடுவான். அப்புறம் நான் எதுக்குக் காலைல சட்டை மாத்தணும்?" காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார். "அவனுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டான்."

காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நகைச்சுவையாக முடித்துத் தருகிறேன் என்று ஜொவிட்டாவிடம் சொல்லியிருந்தேன்.

6.

இப்போது ஒரு சந்தேகம். ரங்கனை ஒரு கதாபாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. ஆயுள் முழுக்க ஆய்வகத்தில் நின்றவர், ஒன்பது வருடமாக இதைக் கவனிக்காமலா இருப்பார்?

அதனால்தான் பின்னறையில் நிற்கிறேன். அவருடைய பக்கெட் என் முன்னால் இருக்கிறது. எறும்பு இல்லை. ஆனால் உப்புக்கு எறும்பு வராது, மணலுக்கும் வராது. உள்ளே உலோகப் பொடி இருந்தால், மனிதர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். என் ஒரு வரி அவரை விமானம் ஏற்றிவிடும். வேறெதுவும் இருந்தால், உண்மை தெரிந்தேதான் தினமும் பத்து மணிக்கு வருகிறார். நான் எதை எழுதினாலும் எங்கேயும் போகமாட்டார்.

வெளியே குரல் கேட்கிறது.

"ஷரஃபுதீன், அவன்ட்ட சொல்லு. நாளைக்குக் கண் டாக்டர்ட்ட போயிட்டு வரேன். பதினொண்ணு ஆயிடும்."

"அதுவரைக்கும் உலையைப் பத்த வைக்க மாட்டோம்னு சொல்லு. நான் காத்திருக்கேன்னும் சொல்லு."

ஷரஃபுதீன் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

என் விரல் மூடியின் விளிம்பில் இருக்கிறது. அச்சகத்திலிருந்து ஃபோன் அடிக்கிறது, பதினான்காம் பக்கம் எங்கே என்றுதான் இருக்கும். நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மூடியை நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.