நைனா வெட்டிய மரங்கள்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். நேராகக் கொல்லைக்குப் போய்விடுவேன். இரண்டு மாமரம், ஒரு கொய்யா. இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பேன், காய்ந்த குச்சியை ஒடிப்பேன், குறுக்கே போகும் கிளையை அறுத்து, பட்டுப்போகாமல் துளிர்க்க வெட்டிய இடத்தில் சாணி பூசுவேன். கும்மிடிப்பூண்டி பட்டறையில் மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்செல்லாம் அங்கேயே இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் என் மனைவி சாராள் சோறு போடுவாள்.

அந்த மரங்களை வைத்ததே ஒரு கோபத்தில்தான். மனை துளசிராமன் குடும்பத்துடையது. அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள் குடிசை போட்டுக்கொள்ளலாம், மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் நின்றால் பாத்தியதை வந்துவிடுமாம். என் நைனா சடையப்பன் ஆயுசு முழுக்கக் கீரைக்கு மேல் எதையும் நட்டதில்லை. பட்டறையில் வேலை கிடைத்த வருஷமே நான் மூன்று கன்று வைத்தேன். துளசிராமனின் அப்பா பெரிய ஐயா அப்போது படுக்கையில் கிடந்ததால் கேட்பாரில்லை.

எழுபத்திரண்டில், முன்பிருந்தே குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவதாக இருந்தது. நாங்கள் போன வருஷம் வந்து ஒண்டியவர்கள் என்று துளசிராமன் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த மரங்கள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் வேலை முடிந்து வந்தேன். கொல்லை வெட்டவெளியாகக் கிடந்தது. மூன்று மரமும் முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் கோடாலியை வைத்துக்கொண்டு நைனா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா இது? யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சின்ன ஐயா அந்தாண்ட போய்க்கினு இருந்தாரு. 'இன்னா சடையா, தோப்பே வெச்சுக்கினியா'ன்னு சிரிச்சாரு. அவ்ளோதான்."

துளசிராமனின் ஒரு சிரிப்பு! அதற்கே வெட்டிவிட்டார். எனக்குத் தலைக்கேறியது. கோடாலியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். "நீ மனுஷனா?" என்று கத்தினேன். பெற்றவர் என்றுகூடப் பார்க்கவில்லை. போய் நின்று ஆற மரமும் இல்லை. சாராள் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு துளசிராமனும் சலவை வேட்டியில் வந்து நின்றான்.

"இவங்க வந்து ரெண்டு வருஷம்கூட ஆவல சார்."

இன்ஸ்பெக்டர் அடிமரங்களைப் பார்த்தார். "இத யார் வெட்டினது?"

"நான்தாங்க," என்றார் நைனா.

"யாரு மரம்?"

நைனா துளசிராமனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஐயா வீட்டு மரம் என்று சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"எங்க மரங்க. என் புள்ள வெச்சது."

துளசிராமனின் முகம் சிவந்துவிட்டது. "என் எதிர்லயே சொல்றியா? எட்டு வருஷம் முன்னாடி கன்னு வெக்கறப்பவே புடுங்கி எறிஞ்சிருப்பேன்டா! எங்கப்பாரு படுக்கைல கெடந்தாரு, தப்பிச்சீங்க!"

"எட்டு வருஷமா?" என்று இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். பிறகு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மனை எங்களுக்கு வந்துவிடும் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் தீரவில்லை. நைனாவிடம் நான் பேசவில்லை. சாயங்காலம் கால் பழக்கத்தில் கொல்லைக்குப் போனது. அடிமரம் மூன்றிலும், வெட்டிய இடத்தில் பச்சைச் சாணி பூசியிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் நைனா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.