மூன்றாம் நாள் கொட்டு

மொக்கைச்சாமிக்குப் பொறாமைக் குணம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், அவன் பங்காளிகள் சொன்னவனைத்தான் வைதிருப்பார்கள். ஊரில் அவ்வளவு நல்ல பெயர் அவனுக்கு. பண்ணைப்புரத்துப் பக்கம், மலையடிவாரத்தில் சோளமும் மொச்சையும் போட்டுப் பிழைத்த குடும்பம். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். கறி தின்பதை விட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. தலையணை கூட இல்லாமல் பாயில் தனியாகப் படுத்தான். "இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டதுக்கு அந்தக் கோயில் கல்லையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அவன் மனைவி சுருளியம்மாள் சலித்துக்கொள்வாள். அவள் சலித்ததிலும் தப்பில்லை. அத்தனை பத்தியமும் ஒரே ஓர் ஆசைக்காகத்தான். குலசாமி கருப்பன் தன்மேல் இறங்க வேண்டும், தான் சாமியாடியாக வேண்டும்.

சாமியாடியாக இருந்த பெரியப்பா அந்தத் தையில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆளை மனிதர்கள் பொறுக்க முடியாது, கருப்பன்தான் பொறுக்க வேண்டும். பங்காளி வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரவேட்டியோடு உச்சிவெயிலில் கோயில் முன்னால் நிற்பார்கள். உறுமி கொட்டும். எவன் உடம்பு ஆடுகிறதோ அவன்மேல் சாமி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு விட்டுவிடவும் மாட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டு, மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு மறுபடி கொட்டுவார்கள். அன்றைக்கும் ஆடுகிறவன் கையில்தான் கருப்பனின் அரிவாள். அன்று எவனுமே ஆடாவிட்டால், கருப்பன் கோபித்துக்கொண்டான் என்று கோயிலை அடைத்துவிடுவார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா மகன் கருத்தக்கண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தான். பெரியாற்றில் அணை கட்டுகிற வேலைக்குப் போயிருந்தவன். கோடை பிறந்தால் அங்கே காய்ச்சல் தாங்காது. வேலையை நிறுத்தி ஆட்களை இறக்கிவிடுவார்கள். இவன் வரும்போது குளிர்காய்ச்சலையும் கொண்டுவந்தான், கூடவே ஒரு புதுப் பேச்சையும் கொண்டுவந்தான். சாமி இல்லை என்பதுதான் அந்தப் பேச்சு. மதராஸிலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் அணையில் இவனோடு பேசுவாராம். கடவுள் இல்லை என்று மதராஸில் கூட்டம் போட்டே பேசுகிறார்களாம்.

இரண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு. ஒருவன் மாட்டைப் பூட்டிக் கமலையில் நீர் இறைக்கும்போது மற்றவன் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வாதம் அங்கேதான் நடந்தது.

"அண்ணே, மலையில என் கண்ணு முன்னால செத்தாக. துண்ணூறு பூசினவனும் செத்தான், சிலுவை போட்டவனும் செத்தான், தாயத்துக் கட்டினவனும் செத்தான். எந்தச் சாமி எட்டிப் பாத்துச்சு?"

"நீ சாகலையேடா. யாரு காப்பாத்துனா?"

"காச்சலுக்குக் குடுத்த கொயினாப் பொடி."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மொக்கைச்சாமி வடத்தை இழுத்துப் பிடித்து மாட்டை நிறுத்தினான்.

"சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். ராத்திரியில ஒத்தையில தண்ணி பாய்ச்சப் போறவன் யாரை நம்பிப் போறான்? அடுத்தவன் வரப்பை வெட்டாம இருக்கானே, யாருக்குப் பயந்து இருக்கான்? கருப்பனை எடுத்துட்டா இந்த ஊரு ஒரு வருசம் தாங்குமா?"

"அப்ப பயம் போதும்கிற. சாமி இருக்கணும்னு கட்டாயம் இல்லைங்கிற. அதைத்தானண்ணே நானும் சொல்றேன்!"

மறுபடி சிரிப்பு. கருத்தக்கண்ணன் கேலிக்காகப் பேசவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இருந்தா எனக்கும் நல்லதுதான்ணே. மலையில நான் கூப்பிடாத சாமி இல்ல. ஒண்ணும் வரலை" என்றான். அந்த வார்த்தை மொக்கைச்சாமியின் காதில் ஏறவில்லை. தான் கமலை ஓட்டும்போது ஒரு நாளும் கூடாத கூட்டம் இவன் பேச்சுக்குக் கூடுகிறதே என்பதுதான் அவன் மனதில் ஏறி உட்கார்ந்திருந்தது.

கொட்டு வைத்த நாள் வந்தது. பங்காளிகளில் மூத்தவர் வீரபாண்டி. கருத்தக்கண்ணன் அவரிடம் போய், "பெரியப்பா, இன்னிக்கு எனக்குக் காச்சல் வர்ற முறை. தண்ணி ஊத்த வேண்டாம், விட்டுருங்க" என்று கெஞ்சினான். "கருப்பன் வாசலுக்கு வர என்னடா சாக்கு?" என்று அவர் தாமே குடத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தார்.

உறுமி கொட்டியது. மொக்கைச்சாமி முன்வரிசையில் கண்ணை மூடி நின்றான். 'வா சாமி, வந்துரு சாமி' என்று உள்ளே கதறினான். தோள்பட்டையில் ஒரு துடிப்பு வந்தது போலிருந்தது. வருகிறான், வந்துவிட்டான் என்று மூச்சை அடக்கினான். வெயிலில் ஈ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போது பின்னாலிருந்து பெண்களின் குலவைச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசையில் கருத்தக்கண்ணன் ஆடிக்கொண்டிருந்தான். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. கண் சிவந்து சொருகியது. "காச்ச... காச்ச..." என்று அவன் சொல்ல வந்ததைக் குலவை விழுங்கிவிட்டது. மாலையைக் கொண்டுபோய் அவன் கழுத்தில் போட்டார்கள். இல்லை என்று சொன்னவனையே தேடி வந்து பிடித்தான் பார், கருப்பன் கருப்பன்தான் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மொக்கைச்சாமிக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் உப்புச் சப்பில்லாமல் தின்று, பெண்டாட்டியை விட்டுத் தள்ளிப் படுத்து, கோயில் வாசலைப் பெருக்கியது நான். இந்தப் பயல் கருவாட்டுக் குழம்பு மணக்க வந்து நிற்கிறான், அவன்மேலா? கருப்பன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் கருத்தக்கண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான். "அண்ணே, இது காச்சலுண்ணே. ஒண்ணு விட்டு ஒரு நாள் உச்சிக்கு உச்சி வரும். நாளை மறுநாளும் சரியா வந்துரும். என்னையப் போயி அருவாளத் தூக்கச் சொல்லுவாக. நீ சொல்லுண்ணே, நீ சொன்னா நம்புவாக."

அந்த நிமிடத்தில் மொக்கைச்சாமிக்கு உயிர் திரும்பி வந்தது. ஓட்டமும் நடையுமாக வீரபாண்டியிடம் போனான்.

"பெரியப்பா, அது சாமி இல்ல. வெறும் காச்சல்."

"சாமி இல்லையா? யாரு, நீயா பேசுற?" அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துவரைக்கும் அவன் இல்லைன்னான், நீ இருக்குன்ன. இன்னிக்கு அவன்மேல வந்ததும் நீ இல்லைங்கிற. உனக்குச் சாமி வேணுமா, அருவா வேணுமாடா?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வீட்டுக்கு வந்தால் சுருளியம்மாளும் விடவில்லை. "கொழுந்தன் மேல சாமி வந்ததுக்கு நீங்க ஏன் மூஞ்சியத் தூக்குறீக? எங்கிட்டு வந்தாலும் சாமி சாமிதான?" என்றாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் விடிந்ததும் அடுத்த ஊருக்கு நடந்தான். அது கிறிஸ்தவ ஊர். மாதா கோயில் உபதேசியார் அருளப்பன் கையில் எப்போதும் கொயினாப் பொடி இருக்கும். காய்ச்சல்காரர் யார் வந்தாலும் மதம் கேட்காமல் கொடுப்பார்.

"யாருக்குப்பா?"

"தம்பிக்கு. சித்தப்பா மகன்."

"இம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்து வந்தியா? கூடப் பொறந்தவன்கூட இப்பிடி வர மாட்டான். ஆண்டவர் உம்மனசப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு." அவர் பொடியைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "காச்சல் நின்னுருச்சுன்னு பொடிய நிறுத்திராத. நிறுத்தினா முன்னைக்கு மோசமாத் திரும்பும். மலைப்பக்கம் மட்டும் இந்த வருசம் அனுப்பாத. இன்னொரு தடவை வந்தா ஆள் தேற மாட்டான்."

ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றது அவனுக்கு உறைத்தது. பார்க்கிறவர் இருந்தால் தன் கதி என்ன என்று ஒரு கணம் நடுங்கினான். திரும்பி நடக்கும்போது இன்னொன்று உறைத்தது. அவன் சந்தோஷமாக இருந்தான். காய்ச்சல் என்று ஆகிவிட்டால் கருப்பன் வரவே இல்லை என்று ஆகும். செத்துப்போன பெரியப்பாவுக்கு வந்ததும் என்ன இழவோ, யார் கண்டது? அதையெல்லாம் நினைத்துக்கூட அவனுக்கு வருத்தம் வரவில்லை. தம்பியிடம் கருப்பன் இருப்பதைவிட, கருப்பன் எங்குமே இல்லாமல் போவது அவனுக்குத் தேவலையாக இருந்தது. கிணற்றடியில் அத்தனை வாதம் பேசிய தம்பிகூடச் சாமி இல்லை என்பதில் இவ்வளவு தூரம் போனதில்லை.

பொடியை அவனே தண்ணீரில் கரைத்து, அவனே பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தான். கசப்பில் முகம் கோணிய கருத்தக்கண்ணன், "நீ இல்லைன்னா நான் என்னண்ணே ஆவேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மொக்கைச்சாமி மிச்சப் பொடியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கையை மெல்ல உருவிக்கொண்டான்.

மூன்றாம் நாள் உச்சி. பண்ணைப்புரத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மாலையும் கழுத்துமாகக் கருத்தக்கண்ணனை நடுவில் நிறுத்தினார்கள். உறுமி எழும்பியது. கண் அத்தனையும் அவன்மேல். அவன் நிமிர்ந்து நின்றான். வியர்த்ததே தவிர விரல்கூட நடுங்கவில்லை. கொட்டுக்காரர்கள் மாறி மாறிக் கொட்டினார்கள். பெண்கள் குலவையிட்டு ஓய்ந்தார்கள்.

"நான்தான் சொன்னேனே, காச்சலுன்னு" என்றான் கருத்தக்கண்ணன். யாரும் சிரிக்கவில்லை. வீரபாண்டியின் முகம் சுண்டிவிட்டது. கோயிலை அடைக்கச் சொல்ல அவர் கையைத் தூக்கினார்.

மொக்கைச்சாமி கண்ணை மூடினான். கடைசியாக ஒருமுறை கூப்பிட்டான். உள்ளே யாரும் இல்லை. அப்படி ஒரு வெறுமையை அவன் அதுவரை அறிந்ததில்லை. கோயிலை அடைத்தால் அரிவாளும் போயிற்று, பட்ட பாடும் போயிற்று. முதலில் முழங்காலை ஆட்டினான். பிறகு இடுப்பு, பிறகு தோள். பல்லோடு பல்லை அடித்துக்கொண்டான். தம்பியைப் பார்த்து வைத்திருந்தது ஒன்றுவிடாமல் வந்தது.

குலவை மலையில் போய் மோதியது. வீரபாண்டி அழுதுகொண்டே அரிவாளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். ஆடிக்கொண்டே அவன் அரைக்கண்ணால் தம்பியைத் தேடினான். காய்ச்சல் குலுக்கலை ஊரில் நன்றாக அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், எல்லாம் முடிந்தது.

கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கழுத்து மாலையைக் கழற்றி அண்ணன் காலடியில் வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எனக்கு வந்தது காச்சல், சாமி. உனக்குக் காச்சல் இல்லையே. நேத்து எனக்காகக் கொயினா கேட்டு அம்புட்டுத் தூரம் நடந்தவனாச்சே. அப்ப இருக்க... நீ இருக்க சாமி. மலையில கூப்பிட்டப்ப வரலை, இப்ப வந்துட்ட."

எழுந்தவனின் முகத்தை மொக்கைச்சாமி பார்த்தான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனால் அந்த முகத்தில் இருந்த நிறைவு! பாயில் படுத்து, பசியில் கிடந்து, இத்தனை வருடம் இவன் கேட்டது அதைத்தான். தன் பொய்யான ஆட்டத்திலிருந்து எடுத்து அதையும் தம்பிக்கே கொடுத்துவிட்டான் கருப்பன். முந்தாநாள் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? இப்போதுதான் அவனுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

"ஒரு வாக்குச் சொல்லு சாமி" என்று கருத்தக்கண்ணன் கைகூப்பினான். "மலையில மறுபடி வேலை தொறக்கப் போறாக. நான் போகவா, இங்கனயே இருக்கவா?"

உறுமி நின்றது. ஊரே வாக்குக்காகக் காத்திருந்தது. உபதேசியார் சொன்னது ஒரு எழுத்து மறக்காமல் மொக்கைச்சாமிக்கு நினைவிருந்தது. இரு என்று சொல்ல வாயைத் திறந்தான். இருந்தால் இந்த முகத்தோடு இருப்பான். தினமும் கிணற்றடியில், தினமும் கோயில் வாசலில், இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இவன் ஆட வேண்டும்.

"போ" என்றான் சாமியாடி. "மலைக்குப் போ. நான் இருக்கேன்."

கருத்தக்கண்ணன் திருநீற்றை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டான். பிறகு மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த பொடியைத் தாளோடு எடுத்துக் கருப்பன் காலடியில் வைத்தான்.

"நீ இருக்கையில எனக்கு இது எதுக்கு சாமி?"