புது கார்டு போட்ட சாயங்காலம்

கீபோர்டு சங்கீதாவின் தோளில் பட்டு இரண்டாக உடைந்தது. விளையாட்டில் எதிரி சுடுகிற நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிட்டதாம், பிரேம் செத்துவிட்டானாம். திரைக்குள் செத்தவனுக்கு வெளியே கை நன்றாகவே வேலை செய்தது. பெண்டாட்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு கையை உதறிக்கொண்டே, "லேக் ஆகுது லா, அதான் டென்ஷன் ஆயிட்டேன்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். சங்கீதாவும் அதை நம்பினாள். கெட்டது கம்ப்யூட்டர் என்றால் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். கெட்டது கட்டினவன் என்றால் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது?

மறுநாள், தேக்காவில் தான் வேலைபார்க்கும் சேலைக்கடையில் சாப்பாட்டு நேரம் விட்டதும், ரோச்சோர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தாள். பிரேம் குளிக்கப் போன சமயம் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து போனில் எடுத்த படங்களைக் கடைக்காரர் அஃப்னானிடம் காட்டினாள்.

"பழைய மெஷின்க்கா. பவர் சப்ளை ரொம்பச் சின்னது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டா தாங்காது, ஆடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆயிடும்."

"அப்படி ஆகவே கூடாதுங்க."

"அப்ப இதை எடுத்துக்குங்க. தனியா பவர் வயர் வேணாம், போர்டுலேயே கரண்ட் எடுத்துக்கும். செகண்ட்ஹேண்ட்தான், ஆனா நானே டெஸ்ட் பண்ணேன்."

"நடுவுல நிக்காதுல்ல?"

"செட்டிங்கைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா நிக்காதுக்கா."

"சத்தியமா நிக்காதுல்ல?"

கன்றிப்போயிருந்த அவள் தோள் அப்போதுதான் அஃப்னான் கண்ணில் பட்டது. கடையிலிருந்த ஒரு பழைய மெஷினில் கார்டை மாட்டி, நெடுநேரம் ஓட்டிக் காட்டினார். எங்கும் தடங்கலில்லை. இனி வீட்டில் அடி விழாது என்று சங்கீதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் செங்காங் வீட்டில் பிரேம் கார்டை மாட்டி, பழைய கீபோர்டு ஒன்றைத் தேடியெடுத்துச் செருகினான். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. "சூப்பர்டி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவளும் பெருமையாக அவன் பின்னால் நின்று பார்த்தாள்.

பிறகு தோற்றான். திரை கொஞ்சமும் நிற்கவில்லை. எதிரி இவனைவிடக் கெட்டிக்காரன், அவ்வளவுதான். சங்கீதா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பிரேம் எழுந்து அவளை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் நாக்கில் கரித்தது. விழுந்தவளின் விலாவில் எட்டி உதைத்தான். "பின்னாலேயே நின்னு வெறிச்சுப் பாத்தா எப்படிடி ஜெயிக்கிறது?"

வலியை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இத்தனை நாளும் ஒரு இரும்புப் பெட்டியின்மேல் பழியைப் போட்டு இவனைக் காப்பாற்றியிருக்கிறோமே என்ற ஆத்திரம். மறுபடி ஓங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மல்லாந்து விழுந்தவனின் பின்மண்டை மேசை முனையில் மோதிக் கிழிந்தது. ரத்தம் வழிய வழிய அவள் கழுத்தைப் பிடிக்க வந்தான். அந்தக் கையைப் பல் பதியக் கடித்து, அவனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜைனப் ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தார். ஒவ்வொரு முறையும் சங்கீதா சொல்லும் காரணம் அவருக்கு மனப்பாடம்.

"இன்னைக்கும் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சாம்மா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. நீங்க போலீசுக்குப் போன் போடுங்க."