நாக்கில் ஒட்டிய கல்

"நாக்கை நீட்டுடி மலரு. கல்லுன்னா கீழ விழுந்திடும், எலும்புன்னா ஒட்டிக்கும். புக்குல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் மார்க்கிரட்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம், விறகு அடுக்கும் சாய்ப்புக்குள் நாங்கள் குந்தியிருந்தோம். என் மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கல் கிடந்தது. அதன் உடைந்த ஓரத்திலிருந்து உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். விரலை எடுத்த பிறகும் அது விழவில்லை. தலையைக் குனிந்து ஆட்டினேன். அட்டை போல ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"ஐயையோ, சைவ வீட்டுப் பொண்ணு எலும்பு திங்குது! உங்கம்மாகிட்ட சொல்லிடட்டா?"

"வாயை மூடு மார்க்கிரட்" என்று சொல்லப் பார்த்தேன். நாக்கில் சில்லு இருந்ததால் வேறு ஏதோ சத்தம்தான் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பெரிய வெள்ளம் வந்து போன பிறகு, குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சந்தின் தரையை மேடாக்குவதற்காக பத்து மலைப் பக்கத்துக் கல்லுடைப்பிலிருந்து திறந்த வேகன்களில் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லாம் வெள்ளைக்கல். நடுவில் சில கட்டிகள் மட்டும் செங்கல் நிறத்தில், மண் இறுகிப் பாறையானது போல இருந்தன. அப்படி ஒரு கட்டி மழையில் கரைந்து பிளந்தபோது, உள்ளே இது தெரிந்தது. ஒரு வருஷமாக ஆணியால் மண்ணைச் சுரண்டி வெளியே எடுத்தேன். பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலி வரைக்கும்தான் உலகம். அதனால் அந்தக் கல்குவியலை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

மார்க்கிரட் பக்கத்து வரிசை வீட்டுக்காரி. அவளுடைய அப்பா அந்தோனிப்பிள்ளை, எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவர். அவளுடைய அண்ணன் வேலை செய்யும் ஆபீசில் வெள்ளைக்காரர் வீசிய பத்திரிகை ஒன்றில் அந்தப் படம் இருந்தது. ஒரு தொடை எலும்புக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட மனிதர் நிற்கிறார். எலும்பு அவரைவிட உயரம். கீழே 'டைனசோர்' என்று போட்டிருந்தது. மனிதர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போன ராட்சசப் பல்லி என்று அவள் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து என் கல்லும் அதுதான் என்று மனம் பிடிவாதமாக நின்றது. வேலியும் தண்டவாளமும் இல்லாத காலத்தில், எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாத காலத்தில் நடந்த ஒன்று, என்னைத் தேடி இந்த விறகுச் சாய்ப்புக்கு வந்திருக்கிறது. அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒருநாள் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்தபோது, கூட்டிக்கொண்டு போவாரா என்று கேட்டேன்.

"அங்க என்ன கிடக்கு, செத்த குருவியும் பாம்பும்" என்றார். "கலியாணம் முடிச்ச பிறகு உன்ர மனிசனோட போய்ப் பாரன்."

வழியில்லாததால் மார்க்கிரட்தான் எனக்கு அருங்காட்சியகம் ஆனாள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் வெந்த ஆட்டுத் தொடை எலும்பைக் கழுவி, பால் டின்னில் போட்டுக் கொண்டுவந்தாள். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அவளுடைய மாமா உடும்பு பிடித்துச் சமைத்தபோது, அதன் தொடை எலும்பும் வந்து சேர்ந்தது. டைனசோர் பல்லி என்றால் உடும்புக்குத்தானே சொந்தம்!

"இங்க பாரு" என்று இரண்டையும் தரையில் விரித்த கோணிச்சாக்கின் மேல் வைத்தாள். "ஆட்டுக்கு மேல்முனை பந்து மாதிரி இருக்கா? பந்துல சின்னக் குழி இருக்கா? அதுக்குள்ள ஒரு வெள்ளை நரம்பு இருக்கும். அதைக் கத்தியால அறுத்தாத்தான் தொடை இடுப்பைவிட்டுக் கழண்டு வரும். எங்கம்மா வெட்டும்போது டக்குனு சத்தம் கேக்கும். உடும்புக்குப் பாரு, சப்பட்டையா நசுங்கின மாதிரி. குழி கிடையாது."

என் கல்லுக்கு மேல்முனையே கிடையாது. சாய்வாக முறிந்திருந்தது. முறிவு புதியது, வேகனில் ஏற்றும்போதோ கொட்டும்போதோ உடைந்திருக்கவேண்டும். அப்படியென்றால் மற்றத் துண்டும் இங்கேதான் வந்திருக்கும். வேலியோரம் நடந்து சந்து முழுவதும் தேடினேன். துணி காயப்போடும் சாக்கில் தேடினேன், தண்ணீர் ஊற்றும் சாக்கில் தேடினேன். கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு இடத்தில்.

தண்டவாள வேலைக்காரர்களின் கங்காணி தம்புசாமி, சந்து முனையிலிருந்த அரசமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, பூசை செய்துவந்தார். அம்மா முதலில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா. "உது கூலியாக்களின்ர சாமி. எங்களுக்குக் கந்தசுவாமி கோயில் கிடக்கு" என்பா. எனக்கு வந்த சாதகங்கள் ஒவ்வொன்றாகப் பொருந்தாமல் திரும்பிப்போக, அம்மாவின் செருப்பும் மெல்ல அரசமரத்தடிப் பக்கம் திரும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப்போனா.

இளநீர்க்காய் அளவுக்கு உருண்டையான கல். பாதி மண்ணுக்குள் இருந்தது. மேலெல்லாம் சந்தனம் அப்பி, உச்சியில் பெரிய குங்குமப் பொட்டு. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, மண்ணோரத்தில் சந்தனம் படாத இடத்தைப் பார்த்தேன். தேன் நிறம். ஊசி குத்தினது போல நுண்ணிய துளைகள். ஒரு வருஷமாக என் விரல் தடவிய அதே மேனி.

குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தேன்.

"நல்லாக் கேட்டுக் கும்பிடு பிள்ளை" என்று அம்மா காதுக்குள் சொன்னா. நான் கேட்டேன். உச்சியில் குழி இருக்கக்கூடாது என்று கேட்டேன்.

பிறகு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். சந்தனத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. நேரிலே விரல் வைக்கத் துணிவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்வதேயில்லை. "ராத்திரி போய் எடுத்திட்டு வந்திடேன்" என்று மார்க்கிரட் சொன்னாள். என்னால் ஏலாது என்பது அவளுக்கும் தெரியும்.

தை மாதம், மரத்தடிக்குச் சிமெண்டு மேடை கட்ட வேலைக்காரர்கள் முடிவு செய்தார்கள். அன்று காலை தம்புசாமி கல்லைப் பெயர்த்து வாழையிலையில் வைத்தார்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு யாராச்சும் சாமியக் கழுவி, பால் ஊத்திக் குடுங்கம்மா. நல்ல எடம் அமையும்" என்றார்.

அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினா.

கல்லை இலையோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் குழாயடிக்கு வந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். வேலிக்கு அப்பால் மார்க்கிரட் நின்றாள். அம்மா பால் எடுக்க உள்ளே போனதும், சாய்ப்புக்குள் ஓடி என் கல்லை எடுத்துவந்தேன். இரண்டு முறிவையும் சேர்த்தேன். கொஞ்சம் திருப்பினேன். பூட்டு விழுவது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு நடுவில் தலைமயிர் நுழைய இடமில்லை.

"பொருந்திச்சா?"

தலையை ஆட்டினேன்.

"சந்தனத்தைக் கழுவுடி! சீக்கிரம்! ஆடா, உடும்பா?"

குழாயைத் திறந்தேன். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து வாய்க்காலில் ஓடியது. குங்குமம் கடைசியில் போனது. அது மேலே பூசியிருந்ததல்ல, உள்ளே நிறைந்திருந்தது. தண்ணீர் அதைக் கழுவக் கழுவ, பந்தின் உச்சியில் ஒரு குழி வந்தது. என் பெருவிரல் நுனி அளவுக்கான குழி.

"ஆடு" என்றேன்.

"ஆடு இவ்வளவு பெரிசா இருக்குமா, கிறுக்கி?"

"ஆட்டுச் சாதி. பல்லி இல்லை."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பால் குடித்து வளர்ந்த ஏதோ ஒன்று. யானையா, காண்டாமிருகமா, பெயரே இல்லாத மாடா? அழுகை வந்தது. ஆனாலும் கை அதை விடவில்லை. நான் கேட்டது இதை அல்ல. ஆனால் இப்போது இதன் பெயர் தெரியவேண்டும் என்று முன்பைவிட அதிகமாக இருந்தது.

"மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போவோம். இப்பவே. நான் வரேன்" என்றாள் மார்க்கிரட். அவள் முகத்தில் சிரிப்பில்லை. நானும் எழுந்தேன். உண்மையாகவே எழுந்து, முழு எலும்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு வேலிப்படலை வரைக்கும் போனேன்.

படலையைத் திறந்தது தம்புசாமி.

"என்ன தாயி, இன்னுமா..." என்றவர் நின்றுவிட்டார். கல்லைப் பார்த்தார், அதன் அடியில் பொருந்தியிருந்த தண்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "இது எங்க கெடைச்சிச்சு?"

"கல்குவியலுக்குள்ள" என்றேன். அந்த நேரத்தில் இது எலும்பு என்று இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். எலும்பை இன்னும் இறுக்கி அணைத்தேன்.

"அடேய், வாங்கடா எல்லாரும்! சாமிக்குத் தண்டு கெடைச்சிருச்சுடா! பொண்ணு கையில வந்து சேர்ந்திருச்சு!"

அம்மா பால்செம்போடு ஓடிவந்தா. பொருத்தைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தா. "என்ர பிள்ளைக்குக் காட்டியிருக்கு. இனி ஒரு குறையும் இல்லை" என்று அழுதா. அம்மா என்னை அப்படிப் பிடித்துப் பல வருஷம். வேலிக்கு அப்பாலிருந்து மார்க்கிரட், "சொல்லுடி, சொல்லுடி" என்று வாயை மட்டும் அசைத்தாள்.

தம்புசாமி என் கையிலிருந்து அதை வாங்கினார். "உச்சியில பாத்தீங்களாம்மா? பொட்டு வைக்க எடம் தானாவே இருக்கு. அதைப் பார்த்துத்தான் நான் அன்னைக்கு இதைச் சாமின்னு கண்டுக்கிட்டேன்."

உச்சிவேளைக்குள் தண்டு முழுவதும் சிமெண்டுக்குள் போய்விட்டது. பந்து மட்டும் வெளியே தெரிந்தது.

ஆட்டெலும்பும் உடும்பெலும்பும் இன்னும் பால் டின்னில் இருக்கின்றன. உடும்பை வெளியே எடுப்பதில்லை. பூனைக்கண் வெளிச்சம் போல ஒரு ஆசை அதில் மிச்சம் இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பொட்டு வைப்பது என் வேலை. அதற்குப் பிறகும் இரண்டு சாதகம் திரும்பிப்போய்விட்டது. அம்மாவுக்கு நம்பிக்கை குறையவில்லை. "நல்லா அழுத்தி வை பிள்ளை" என்பா. குங்குமத்தோடு பெருவிரலைக் குழிக்குள் வைக்கிறேன். இங்கேதான் அந்த வெள்ளை நரம்பு இருந்தது, இங்கேதான் அது தன் காலைத் தன்னோடு கட்டி வைத்திருந்தது, நடந்தபோது இங்கேதான் அசைந்தது. எங்கே நடந்தாய், நீ யார் என்று கேட்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் என் பிரார்த்தனை நீளம் என்று செருமுகிறார்கள்.